வைக்கோல் தின்றும் இளைத்த சினைமாடு தேறிய விதம்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் உம்பளாச்சேரி நாட்டு இன மாடு, சினையின் கடைசி 3 மாதத்தில் வயிறு நிறைய வைக்கோல் தின்றும் விலா எலும்பு தெரிய இளைத்துவிட்டது. வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான், எரிசக்தியும் குறைவு. கன்று வேகமாக வளரும் அந்த நேரத்தில் தேவை கூடும், வயிற்றில் இடமோ குறையும். அதனால் தீனியின் அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டினேன். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாய் போட்டுக் காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தேன். பிரித்ததும் நெடி அடிக்கும், ஆறவிட்டுத்தான் போடணும். யூரியாக் கரைசலை மாடு குடித்தால் உயிரே போய்விடும், தயவுசெய்து கவனம். அப்புறம் தவிடு, கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு. ஈனுவதற்குள் விலா மூடிவிட்டது; பால் சுரக்கும்போது தேவை இன்னும் அதிகம் என்பதால் ஈன்ற பிறகும் தவிட்டைக் குறைக்கவில்லை.