பழைய ஓவியத்தில் டச்சுக் கப்பலை இனம் காண்பது எப்படி?

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் மியூசியத்தின் இணையதளத்தில் 17-ஆம் நூற்றாண்டுக் கடல் ஓவியங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். வில்லெம் ஃபான் டெ வெல்டெ வரைந்த ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். அப்பா, மகன் இருவருக்கும் அதே பெயர்தான். கடற்போர் நடக்கிற இடத்துக்கே படகில் போய்ப் படம் எழுதியவர் அப்பா. கயிறு, கப்பி எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

படி 1: பாயை விட்டுவிடுங்கள்

புதிதாகப் பார்க்கிறவர்கள் பாயில்தான் தொடங்குவார்கள். அங்கே அதிகம் பிடிபடாது. மூன்று பாய்மரம், முன்னிரண்டில் சதுரப் பாய், கடைசியில் முக்கோணப் பாய் என்று அன்றைய ஐரோப்பியக் கப்பல்கள் பலவும் ஒரே சாயல்தான்.

படி 2: பின்புறத்தைப் பாருங்கள்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

பின்புறம் உருண்டு, வயிறு பெருத்து, மேலே போகப் போகக் குடத்தின் கழுத்தாகக் குறுகுகிறதா? அது ஃப்ளூய்ட். 1595 வாக்கில் ஹோர்ன் துறைமுகத்தில் பிறந்த சரக்குக் கப்பல். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலான ஓரசுண்ட் நீரிணையில் டென்மார்க் மேல்தளத்தின் அளவை வைத்துச் சுங்கம் வாங்கியதால்தான் மேலே ஒடுக்கிக் கட்டினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஆள் கணக்கு. கப்பிகளை நிறையப் பூட்டியதால் பத்துப் பன்னிரண்டு பேரே ஓட்டிவிடலாம். கூலி குறைய, வாடகையும் குறைந்தது. ஊரார் சரக்கெல்லாம் டச்சுக் கப்பலில் ஏறியது. பொறுக்காத இங்கிலாந்து 1651-இல் அதைத் தடுக்கச் சட்டமே போட்டது. மறு ஆண்டே போர்.

பின்புறம் தட்டையாக, சிற்ப வேலைப்பாட்டோடு நின்றால் பெரும்பாலும் அது போர்க்கப்பல். இல்லையேல் 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல். பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்த அதே கம்பெனிதான். அந்தத் தட்டைப் பகுதிக்கு டச்சுக்காரர் வைத்த பெயர் ‘ஸ்பீகல்’, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடி. முழு அளவில் பார்க்க ஆசையென்றால், 1629-இல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அருகே உடைந்த ‘பட்டாவியா’வின் மறு உருவம் லெலிஸ்டாட் நகரில் இருக்கிறது.

படி 3: பீரங்கித் துளைகளை எண்ணுங்கள்

இரண்டு முழு வரிசை இருந்தால் போர்க்கப்பல். ஒன்றிரண்டு துளைதான், அல்லது அதுவும் இல்லை என்றால் சரக்குக் கப்பல்.

படி 4: விலாவில் சிறகு இருக்கிறதா?

சிறு படகுகளின் இருபக்கமும் பெரிய பலகை தொங்கும். ஆழமில்லாத நீரில் நீண்ட அடிக்கட்டை தரை தட்டும். அதனால் பலகையை இறக்கி, காற்று பக்கவாட்டில் தள்ளாமல் சமாளிப்பார்கள்.

படி 5: கொடி கடைசியில்தான்

முதலில் ஆரஞ்சு, வெள்ளை, நீலம். நூற்றாண்டின் நடுவில் ஆரஞ்சின் இடத்தில் சிவப்பு. பழுப்பேறிய வார்னிஷுக்கு அடியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். போதாததற்கு, பிடிபட்ட கப்பலிலும் டச்சுக் கொடி பறக்கும். 1667-இல் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து டச்சுக்காரர் இழுத்துவந்த ஆங்கிலப் போர்க்கப்பல் ‘ராயல் சார்லஸ்’ அப்படித்தான். கொடி மாறினாலும் பின்புறம் மாறவில்லை. ஆங்கில அரசச் சின்னத்தின் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் செதுக்கிய அந்தப் பின்பலகை, அதே ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது.