ஜூடோக்காரன் ஜியு-ஜிட்சுவுக்கு இறங்க முதல்

ஏழு வருசம் ஜூடோ பழகின திமிரோடதான் கல்லடியில பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (நிலத்தில உருண்டு மல்லுக்கட்டிற கலை) பழகின ஒருத்தனோட முதல்தரம் உருண்டன். வழக்கம்போல குப்புற ஆமைமாதிரிச் சுருண்டு, ‘மாத்தே’ (நிறுத்து) எண்டு நடுவர் எழுப்புவார் எண்டு கிடந்தன். அங்க ஆர் எழுப்புறது? முதுகில ஏறி, ரெண்டு காலையும் என்ர தொடைக்குள்ளால கொளுவி, கழுத்தை நெரிச்சுப்போட்டான். அந்த முதுகுப் பிடிக்கே 4 புள்ளி.

அதால மனே, முதல்ல ஆமையை மற. மல்லாந்து படு, உன்ர கால்கள் எப்பவும் அவனுக்கும் உனக்கும் இடையில நிக்கோணும்.

மேல இருந்தா? ஜூடோவில 20 செக்கன் அமத்தினா இப்பொன், அதாவது முழு வெற்றி, ஆட்டம் முடிஞ்சுது. இங்க 3 செக்கன் நிலைச்சுப் புள்ளியை எடு, பிறகு நகரு. கெசா-கத்தாமேயில (பக்கவாட்டில இருந்து அமத்திற ஜூடோப் பிடி) தலையை மட்டும் கட்டிப்பிடிச்சா அவன் நழுவி உன்ர முதுகுக்கு வந்திடுவான். தலையை விட்டுட்டு அவன்ர அக்குளுக்குக் கீழால கையைப் போடு, இடுப்பைத் தாழ்த்து.

ஜூடோவில மூட்டுப்பூட்டு முழங்கைக்கு மட்டும்தான். இங்க கணுக்காலையும் முறுக்குவாங்கள், வெக்கப்படாமத் தட்டித் தோல்வியை ஒத்துக்கொள்.

கடற்கரையில பழகிறதெண்டா பின்னேரம் போ. கொலருக்குள்ள மணல் போனா கழுத்துத் தோல் உரியும், ரெண்டு நாளைக்குக் குளிக்கேலாது.