யு-1: ஜெர்மன் கடற்படையின் முதல் நீர்மூழ்கியை வரைந்து புரிந்துகொள்வோம்

நீர்மூழ்கி எப்படி இயங்குகிறது என்று பக்கம் பக்கமாகப் படித்துக் குழம்புவதைவிட, ஒரு தடவை அதை வெட்டிப் பார்த்த மாதிரி கையால் வரைந்துவிட்டால் விஷயம் சட்டென்று பிடிபடும். தொடங்குவதற்கு யு-1 ரொம்பப் பொருத்தம். கீல் நகரின் ஜெர்மானியாவெர்ஃப்ட் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டு, 1906 டிசம்பரில் ஜெர்மன் கடற்படையில் சேர்ந்தது. உள்ளே பகுதிகள் குறைவு, அதனால் வரைவதும் சுலபம்.

ஏ4 தாள், ஸ்கேல், காம்பஸ், பென்சில், நீலமும் சிவப்புமாக இரண்டு கலர் பென்சில் போதும்.

படி 1: முதலில் குறுக்குவெட்டு, அதாவது கப்பலைக் குறுக்கே வெட்டி முன்னாலிருந்து பார்த்த தோற்றம். இதைத் தவிர்க்காதீர்கள், மொத்தக் கப்பலும் இதில்தான் இருக்கிறது. தாளின் மூலையில் 2 செ.மீட்டருக்கு 1 மீட்டர் என்று வைத்து, 5.6 செ.மீ விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள். ஆட்கள் இருக்கும் உள்கூடு இது, 2.8 மீட்டர் விட்டம். கடலின் அழுத்தத்தைத் தாங்குவது இதுதான், அதனால்தான் வட்டம். இதைச் சுற்றி சுமார் 7.5 செ.மீ அகலத்துக்கு வெளிக்கூட்டை வரையுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தில் நீலம் தீட்டுங்கள்.

அந்த நீலம்தான் மூழ்கும் ரகசியம். யு-1 மேலே மிதக்கும்போது 238 டன், மூழ்கியபின் 283 டன். வித்தியாசம் 45 டன். ஏறக்குறைய அவ்வளவு கடல்நீரை அந்த நீல இடத்திலுள்ள தொட்டிகளுக்குள் விட்டால் கப்பல் இறங்கும், அழுத்தக் காற்றை ஊதி அதே நீரை வெளியே தள்ளினால் ஏறும்.

படி 2: இப்போது பக்கவாட்டுப் படம். 1 செ.மீட்டருக்கு 2 மீட்டர். 42.39 மீட்டர் நீளம் 21.2 செ.மீ ஆகும், ஏ4 தாளைப் படுக்கவைத்தால் தாராளமாக அடங்கும். அடிப்பகுதியிலிருந்து 1.6 செ.மீ உயரத்தில் நீர்மட்டக் கோடு போடுங்கள். மேலே தண்ணீருக்கு வெளியே தெரிவது எவ்வளவு கொஞ்சம் என்று பாருங்கள்!

படி 3: முன்முனையில் டார்பிடோவை (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் ஆயுதம்) ஏவும் ஒரே ஒரு குழாய். மொத்தமே மூன்று டார்பிடோக்கள்தான். நடுவில் சிறு கோபுரமும், அடியிலிருந்தே நீருக்கு மேலே பார்க்க உதவும் பெரிஸ்கோப்பும்.

படி 4: பின்பாதியில் கோர்ட்டிங் நிறுவனத்தின் இயந்திரங்கள், அவற்றுக்கும் பின்னால் மின்மோட்டார்கள், கடைசியில் இரண்டு சுழலிகள். இயந்திரங்களுக்குச் சிவப்பு தீட்டுங்கள். அவை மண்ணெண்ணெயில் ஓடின. பெட்ரோல் ஆவி மூடிய இடத்தில் சேர்ந்தால் வெடித்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் பகலில் வெள்ளைப் புகை, இரவில் தீப்பொறி, கூடவே பெரிய சத்தம். ஒளிந்து தாக்க வேண்டிய கப்பலுக்கு இதைவிடக் கெடுதல் ஏது? எரிபொருள் எரியக் காற்று வேண்டும் என்பதால் நீருக்கடியில் இவற்றை நிறுத்திவிட்டு, பேட்டரியில் ஓடும் மோட்டார்களுக்கு மாற வேண்டும். மேலே 10.8 நாட், அடியில் 8.7 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ). அடியில் பேட்டரி தீரும்வரைதான். என்னைக் கேட்டால் இது நீருக்கடியில் வாழும் கப்பலே இல்லை, தேவைப்படும்போது மட்டும் முங்கும் படகு. முதல் உலகப் போரில் பயிற்சிக்குத்தான் பயன்பட்டது.

படி 5: சரிபார்ப்பது. யு-1 இன்றும் ம்யூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கிறது. உட்புறம் தெரிவதற்காக அதன் பக்கவாட்டை வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். அதன் புகைப்படங்களை உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறிப்பாக இயந்திர அறையை.

அப்புறம் டீசல் இயந்திரம் வந்த முதல் ஜெர்மன் நீர்மூழ்கியான யு-19ஐ அதே அளவுக்கோலில் வரையுங்கள். அதன் நீளம் 64.15 மீட்டர், அதற்கு ஏ3 தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.