ஏற்காட்டில் ஃபைபர் படகை ரிப்பேர் முடித்து இறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக இந்த வேலைக்கு வரும் பையன்கள், எங்கள் செட் ஆட்கள் ஒருகாலத்தில் பண்ணிய தவறுகளையே திரும்பப் பண்ணுகிறார்கள். டிரெயின் பிளக்கை (தண்ணீர் வடிக்கும் ஓட்டையின் மூடி) மறப்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சேலத்துக் கணக்கை மலையில் போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். சேலத்து வெயிலில், ஃபைபரை ஒட்டும் பிசினான பாலியெஸ்டர் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது ரெசின் இறுகுவது பாதியில் நின்றுபோகும். தொட்டால் கெட்டி, உள்ளே பச்சை. மூடுபனி வேறு. ஈரம் பட்ட ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) மேல் அடுத்த பூச்சு பிடிக்காது.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு முன்னால், துடுப்புப் படகின் அடியில் சாயங்காலம் ஒட்டுப் போட்ட பையன் மறுநாள் காலையில் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கல்லாட்டம் இருக்குதுங்க, இறக்கிரலாம்" என்றான். கூட்டம் வரும் நேரம், படகுக்காரருக்கும் அவசரம். ஒரு வாரம் போகட்டும் என்று நான் சொன்னது எடுபடவில்லை. கொஞ்ச நாளில் ஒட்டின் ஓரம் விட்டு, இரட்டைத் தளத்துக்கு நடுவில் இருந்த ஃபோம் தண்ணீர் குடித்துவிட்டது. அப்புறம் தளத்தை அறுத்து, ஊறிய ஃபோமைச் சுரண்டி எடுத்து, உள்கூட்டைக் காயவைத்து, மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. முதல் ஒட்டுக்கு ஆன செலவைப்போலப் பல மடங்கு செலவு. கோடைக் கூட்டம் வந்தபோதும் அந்தப் படகு கரையில்தான் கிடந்தது.

குளிருக்கு ஈடுகட்ட, ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டைக் கூட்டி ஊற்றாதீர்கள். வழக்கமான அளவு ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். அளவு மிஞ்சினால் ஒட்டு பலம் இழக்கும். தார்ப்பாய்க்குள், வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள். ரெசின் இறுகி வாடை குறைந்த பிறகு, தள்ளி வைத்த பல்பால் சூடு கொடுக்கலாம். கரி அடுப்பு வேண்டவே வேண்டாம், ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி தீப்பிடிக்கும். மெழுகு கலந்த மேல்பூச்சு காய்ந்ததும் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் இன்னும் நாள் வேண்டும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாகக் கேட்கும் இடத்தில் ஒட்டு உள்ளே பிடிக்கவில்லை.

கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகச் சேர்ப்பது

ரெசின் இறுகுவதை வேகப்படுத்தச் சேர்ப்பது கோபால்ட். அது கேட்டலிஸ்ட்டோடு நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்குங்கள், அப்புறம்தான் கேட்டலிஸ்ட்.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கலக்குவது

கேட்டலிஸ்ட் தெறித்தால் கண் போய்விடும்.

ஒட்டின் மேல் பாரம் வைத்து ஏற்றிவருவது

சேலத்திலேயே ஒட்டிக் காயவைத்து மேலே கொண்டுவருவது நல்ல யோசனை. ஆனால் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி ஒவ்வொரு வளைவிலும் சாயும்போது படகு அசைந்து, அடியில் இருக்கும் ஒட்டு வண்டித் தளத்தில் உரசும். ஒட்டுக்கு இரண்டு பக்கமும் பழைய டயர் வைத்து, அந்த இடம் எதன் மேலும் படாமல் நிறுத்திக் கட்டுங்கள்.

இறக்கிய உடனே ஆள் ஏற்றுவது

ஓர் இரவு காலியாகக் கட்டிப்போடுங்கள். இறக்கியதும் தண்ணீர் மட்டத்தில் படகின் நான்கு பக்கமும் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். உள்ளே பார்த்தால் உலர்ந்த மாதிரியே தெரியும், இரட்டைத் தளத்துக்குள் போகும் தண்ணீர் கண்ணுக்குப் படாது. காலையில் டேப் நீருக்குள் போயிருந்தால், உடனே கரைக்கு இழுத்துவிடுங்கள்.