போஸ்ட்கிரெஸ்: ஒவ்வொரு பயனரும் தன் கிளையின் ஸ்கீமாவில் தேட வழி

புறக்கோட்டையில் மொத்தக் கடை, வெள்ளவத்தையில் சில்லறைக் கிளை, இரண்டுக்கும் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். கிளைக்கொரு ஸ்கீமா (டேட்டாபேஸுக்குள் டேபிள்களை வைக்கும் தனிப் பிரிவு), இரண்டிலும் ‘இருப்பு’ என்ற டேபிள். குவெரியில் வெறுமனே ‘இருப்பு’ என்று எழுதினால் எதைத் தொடுவது என்று போஸ்ட்கிரெஸ் சேர்ச் பாத்தை, அதாவது ஸ்கீமாக்களைத் தேடும் வரிசையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்; அந்த வரிசையில் முதலில் அகப்படுவதை எடுத்துக்கொள்ளும். பாத் பிழைத்தால் வெள்ளவத்தையில் விற்ற அரிசி மூட்டை புறக்கோட்டைக் கணக்கில் கழியும். பிழைச் செய்தி ஒன்றும் வராது.

எதையும் மாற்றாவிட்டால் பயனரின் பெயரிலேயே உள்ள ஸ்கீமா முதலில், அடுத்தது பப்ளிக் என்ற பொது ஸ்கீமா. இதை விட்டுவிட்டு வெளிப்படையாகக் கொடுங்கள் (இதில் கடை என்பது டேட்டாபேஸின் பெயர், விலைப்பட்டியல் இன்னொரு ஸ்கீமா):

ஆல்டர் ரோல் காசாளர்1 இன் டேட்டாபேஸ் கடை செட் சேர்ச்_பாத் = வெள்ளவத்தை, விலைப்பட்டியல்;

‘இன் டேட்டாபேஸ்’ பகுதி முக்கியம். ரோல், அதாவது பயனர் கணக்கு, சேர்வர் முழுவதற்கும் உரியது. அந்தப் பகுதி இல்லாவிட்டால் அதே பயனர் நுழையும் மற்ற டேட்டாபேஸ்களிலும் இந்தப் பாத்தே நிற்கும். இரண்டு பெயர்களையும் ஒரே மேற்கோளுக்குள் அடைக்க வேண்டாம். கமாவோடு சேர்த்து அதை ஒற்றை ஸ்கீமாவின் பெயராகவே எடுத்துக்கொள்ளும்.

இந்த மாற்றம் அடுத்த லொகினிலிருந்துதான் பிடிக்கும். கொனெக்ஷன் பூல் (இணைப்புகளைத் திறந்தே வைத்து மீண்டும் பயன்படுத்தும் அமைப்பு) இருந்தால் பழைய இணைப்புகளை மூடித் திறக்க வேண்டும். ‘மாற்றினேன், வேலை செய்யவில்லை’ என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இன்னொன்று, காசாளர்கள் என்று குழு ரோல் வைத்து அதற்குப் பாத் கொடுப்பது. குழுவின் உரிமைகள் உறுப்பினருக்கு வரும், பாத் வராது. லொகின் பண்ணும் ஒவ்வொரு ரோலுக்கும் தனித்தனியே கொடுங்கள்.

பிறகு அந்தப் பயனராகவே நுழைந்து ‘ஷோ சேர்ச்_பாத்’ கொடுங்கள். எழுதி வைத்தது அப்படியே வரும். அடுத்து ‘செலெக்ட் கரன்ட்_ஸ்கீமாஸ்(ஃபோல்ஸ்)’. இது உண்மையில் தேடப்படுபவற்றை மட்டும் காட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பெயரில் எழுத்துப்பிழை, அல்லது அந்த ஸ்கீமாவில் யூசேஜ் உரிமை (உள்ளே இருப்பவற்றை அணுகும் உரிமை) இல்லை. இரண்டு நிலையிலும் போஸ்ட்கிரெஸ் சத்தமில்லாமல் அதைத் தாண்டிப்போகும். இந்த இரண்டாவது குவெரியைப் பார்க்காமல் எழும்ப வேண்டாம்.

அந்தத் தாண்டலை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். பாத் பூட்டு அல்ல, பயனர் தானே ‘செட்’ கொடுத்து அதை மாற்றிவிடுவார். ஆகவே வெள்ளவத்தைக் காசாளருக்குப் புறக்கோட்டை ஸ்கீமாவில் யூசேஜ் கொடுக்காதீர்கள். பாத் தவறினாலும் ‘டேபிள் இல்லை’ என்று குவெரி நின்றுவிடும், கணக்குக் குழம்பாது. அதே காரணத்துக்காகப் பப்ளிக்கில் ‘இருப்பு’ என்று இன்னொரு டேபிளை விட்டுவைக்க வேண்டாம். 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து புதிய டேட்டாபேஸில் எல்லாராலும் அல்ல, உரிமை உள்ளவர்களால் மட்டுமே பப்ளிக்கில் டேபிள் உருவாக்க முடியும். பழையதை மேம்படுத்திக் கொண்டுவந்திருந்தால் பழைய உரிமையும் கூடவே வந்திருக்கும். ‘ரிவோக் கிரியேட் ஒன் ஸ்கீமா பப்ளிக் ஃபுரொம் பப்ளிக்’ கொடுத்து எடுத்துவிடுங்கள்; முதல் பப்ளிக் ஸ்கீமா, இரண்டாவது எல்லாப் பயனர்களும்.

செக்யூரிட்டி டிஃபைனர் ஃபங்ஷன் (அழைப்பவரின் உரிமையில் அல்ல, தன் சொந்தக்காரரின் உரிமையில் ஓடுவது) இருந்தால் அதற்குள்ளேயே பாத்தைக் கட்டிவையுங்கள். உரிமை சொந்தக்காரருடையது, பாத் அழைப்பவருடையது என்று விட்டால் அழைப்பவர் தான் விரும்பிய டேபிளை அதற்குள் நுழைத்துவிடலாம். அந்தப் பாத்தின் கடைசியில் பீஜி_டெம்ப் (தற்காலிக டேபிள்களின் ஸ்கீமா) சேருங்கள். சேர்க்காவிட்டால் தற்காலிக டேபிள்களே முதலில் தேடப்படும்.