ஒரே எழுத்தில் தொடங்கும் பேஸ்பால் பெயர்கள்: பட்டியல் போடும்போது எங்கே வழுக்கும்?

பேஸ்பால் ரசிகர்களிடம் ஒரு பழைய விளையாட்டு உண்டு. ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு, குடும்பப் பெயர் அந்த எழுத்தில் தொடங்கும் ஒன்பது பேரை வைத்து ஓர் அணி அமைக்க வேண்டும். 'எம்' எடுத்தால் கொண்டாட்டம்தான். முதல் பேஸில் ஜானி மைஸ், இரண்டாவதில் ஜோ மோர்கன், மூன்றாவதில் எடி மேத்யூஸ், ஷார்ட்ஸ்டாப்பில் ரேபிட் மாரன்வில், வெளிக்களத்தில் வில்லி மேஸ், மிக்கி மேன்டில், ஸ்டேன் மியூசியல், கேட்சராக யாடியெர் மொலினா, பந்துவீச கிறிஸ்டி மேத்யூசன். இந்த அணியை அடிக்க இன்னோர் எழுத்து பிறந்துதான் வர வேண்டும்.

'எம்' சுலபம் என்பதால் எல்லா எழுத்தும் அப்படியே என்று நினைத்து இறங்கினால் மாட்டிக்கொள்வோம். நம் ஊரில் குடும்பப் பெயர் என்பதே பலருக்கு இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்தைத்தான் முன்னால் போட்டுக்கொள்கிறோம். அதனால் வெளியூர்ப் பெயரைப் பார்த்ததும் 'கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர்' என்று ஒரே விதியைப் பிடித்துக்கொள்கிறோம். நண்பர்களுக்காக ஒரு வினாடி வினா தயாரித்தபோது நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த விதி முதலில் உடைவது லத்தீன் அமெரிக்க வீரர்களிடம். ஸ்பானிஷ் வழக்கத்தில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: முதலில் அப்பாவுடையது, பின்னால் அம்மாவுடையது. அன்றாடம் அழைப்பது அப்பாவின் பெயரால். போர்ட்டோ ரிக்கோவின் ராபர்ட்டோ கிளமென்டேயின் முழுப் பெயர் ராபர்ட்டோ கிளமென்டே வாக்கர். கடைசியில் இருக்கிறதே என்று அவரை 'டபிள்யூ'வில் போட்டால் தப்பு. இந்தக் குழப்பத்தில் சறுக்கியவர்கள் நாம் மட்டும் இல்லை. நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து கிளமென்டே 1972 டிசம்பர் 31 அன்று இறந்தார். சரியாக 3,000 ஹிட்டுகள் அவர் கணக்கில் இருந்தன. 1973-இல் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு வைத்த பட்டயத்தில் 'ராபர்ட்டோ வாக்கர் கிளமென்டே' என்று வரிசை மாற்றிப் பொறித்துவிட்டார்கள். அது திருத்தப்பட்டது 2000-இல்தான்.

இதைவிடச் சிக்கலானது அலூ குடும்பத்தின் கதை. டொமினிகன் குடியரசிலிருந்து வந்த ஃபெலிப்பே ரோஹாஸ் அலூவுக்கு அப்பா வழிப் பெயர் ரோஹாஸ். ஒப்பந்தக் காலத்தில் யாரோ அம்மாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பின்னால் வந்த தம்பிகள் மேட்டி, ஹெஸூஸ் இருவரும் அலூ ஆனார்கள். 1963 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் வெளிக்களத்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று சகோதரர்களும் நின்றார்கள். ஃபெலிப்பேயின் மகன் மோய்சஸும் அலூதான். ஆனால் அதே குடும்பத்தின் மெல், ரோஹாஸ் என்ற பெயரிலேயே பந்துவீசினார். தொண்ணூறுகளில் மாண்ட்ரியால் எக்ஸ்போஸில் மேலாளர் ஃபெலிப்பே அலூ, வெளிக்களத்தில் மோய்சஸ் அலூ, பந்துவீச்சில் மெல் ரோஹாஸ்: குடும்பம் ஒன்று, எழுத்து இரண்டு. இங்கே 'திருத்துகிறேன் பேர்வழி' என்று அலூக்களை 'ஆர்'க்கு மாற்றுவதும் தவறுதான். அவர்களே ஏற்றுக்கொண்டு ஆடிய பெயர் அது. வீரர் எந்தப் பெயரில் ஆடினாரோ அதில் வைத்து, பிறந்த பெயரைக் குறிப்பாகச் சேர்ப்பதே முறை என்பது என் கட்சி.

அப்படியென்றால் ஆடிய பெயரே பொய்யாக இருந்தால்? 2007-இல் கிளீவ்லாந்துக்காக 19 ஆட்டங்கள் வென்ற பந்துவீச்சாளர் ஃபாஸ்டோ கார்மோனா 2012 ஜனவரியில் டொமினிகன் குடியரசில் கைதானார். உண்மைப் பெயர் ராபர்ட்டோ ஹெர்னாண்டஸ், வயதும் சொன்னதைவிட மூன்று கூட. அதன்பின் சொந்தப் பெயரிலேயே ஆடினார். ஆக 'சி' பட்டியலிலிருந்து 'ஹெச்'சுக்குப் போனார். அங்கே அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ராபர்ட்டோ ஹெர்னாண்டஸ், அவரும் பந்துவீச்சாளர்! ஃபுளோரிடா மார்லின்ஸின் லியோ நூன்யெஸ் என்பவரும் இப்படித்தான் ஹுவான் கார்லோஸ் ஓவியெடோ என்று தெரியவந்து 'என்'னிலிருந்து 'ஓ'வுக்கு நகர்ந்தார். பழைய பட்டியலைப் பார்த்து அப்படியே எடுத்து எழுதுகிறவர்கள் ஓர் ஆளை இரண்டு ஆளாக்குவது இங்கேதான்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து, அவர்களை ஒருவராக்குவது எதிர்த்திசைத் தவறு. 1962 நியூயார்க் மெட்ஸ் அணியில் இரண்டு பாப் மில்லர்கள், இருவருமே பந்துவீச்சாளர்கள். 2020-இல் வில் ஸ்மித் வீசிய பந்தை வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்தார். முன்னவர் அட்லாண்டா பிரேவ்ஸ், பின்னவர் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். மேக்ஸ் மன்சி என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரும் பிறந்தது ஆகஸ்ட் 25. ஆண்டு மட்டும் வேறு: 1990, 2002. பிறந்த ஆண்டைப் பக்கத்தில் எழுதாத பட்டியலை நான் நம்புவதில்லை.

ஆசியப் பெயர்களுக்கு வருவோம். ஜப்பானிலும் கொரியாவிலும் குடும்பப் பெயர் முன்னால் வரும், அமெரிக்காவில் அதைப் பின்னால் தள்ளுவார்கள். சட்டையின் முதுகில் 'இச்சிரோ' என்று இருப்பதால் அவரை 'ஐ'யில் தேடாதீர்கள். அது அவருடைய சொந்தப் பெயர், குடும்பப் பெயர் சுசுக்கி. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வேறு. ஜப்பானின் யோமியுரி ஜயன்ட்ஸுக்காக 868 ஹோம் ரன் அடித்த சடஹாரு ஓவின் அப்பா சீனர். குடும்பப் பெயரை எழுதுவது 'அரசன்' என்று பொருள்படும் ஒற்றைச் சீன எழுத்தால். ஜப்பானியர் அதை 'ஓ' என்று படிப்பார்கள், சீனர்கள் 'வாங்' என்பார்கள். நியூயார்க் யாங்கீஸுக்காக 2006, 2007 இரண்டு ஆண்டிலும் தலா 19 ஆட்டம் வென்ற தைவான்காரர் சியென்-மிங் வாங்கின் பெயரும் அதே எழுத்துதான். ஆங்கிலத்தில் ஒருவர் 'ஓ', இன்னொருவர் 'டபிள்யூ'.

ஒட்டுச் சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜேக்கப் டெகிராம், டிராவிஸ் டார்னோ இருவரும் முதல் 'டி'யைச் சின்ன எழுத்தில் எழுதுகிறார்கள். கணினியில் வரிசைப்படுத்தும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை அணைக்காவிட்டால் இவர்கள் 'இசட்'டுக்குப் பின்னால் போய் விழலாம். நெதர்லாந்தின் ரிக் வான் டென் ஹர்க் அமெரிக்கப் பட்டியலில் 'வி', அவர் ஊர் வழக்கப்படி 'ஹெச்'. 'ஜூனியர்' என்பது பெயரே இல்லை, கென் கிரிஃபி ஜூனியரை 'ஜே'யில் போடாதீர்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிப் பள்ளம். ஆங்கிலத்தில் 'சி' பட்டியல் ஒன்றுதான். தமிழில் கிளமென்டே, கேரு 'க'வரிசைக்கும், செப்பேடா, சாப்மன் 'ச'வரிசைக்கும் பிரிந்துபோவார்கள். 'ஜி'யின் கெரிக்கும் 'கே'யின் கோஃபாக்ஸும் அதே 'க'வில் வந்து உட்காருவார்கள். பாண்ட்ஸும் (B) புஹோல்ஸும் (P) நமக்கு ஒரே எழுத்து. எனவே முதலில் ஆங்கில எழுத்தைக் கொண்டு பிரித்து முடித்துவிட்டு, அப்புறம் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதிவிட்டு வரிசைப்படுத்தினால் அது வேறு பட்டியல்.

தலைப்பில் 'தொழில்முறை வீரர்கள்' என்று போட்டால் யாரெல்லாம் வருவார்கள் என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவின் உச்சநிலை லீக்கான மேஜர் லீக் மட்டும்தான் தொழில்முறை என்றால், ஜப்பானில் ஆடிய சடஹாரு ஓவையே நீக்க வேண்டியிருக்கும். கறுப்பின வீரர்களின் நீக்ரோ லீக்குகளில் 1920 முதல் 1948 வரை நடந்தவற்றை மேஜர் லீக் தரத்தில் ஏற்பதாக 2020 டிசம்பரில்தான் அறிவித்தார்கள். 2024-இல் அந்தப் புள்ளிவிவரங்கள் சேர்ந்ததும் வாழ்நாள் பேட்டிங் சராசரியில் ஜோஷ் கிப்சன் .372 எடுத்து, டை காப்பின் .367-ஐத் தாண்டி முதலிடம் போனார். அதற்கு முந்தைய 'ஜி' பட்டியல்கள் பலவற்றில் அவர் பெயரே இருக்காது. 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில்தான் ஆடினார்கள், அதனால் தொழில்முறைப் பட்டியலில் உண்டு, மேஜர் லீக் பட்டியலில் இல்லை. இந்த ரிங்கு சிங் வேறு, கொல்கத்தாவுக்காகக் கடைசி ஓவரில் ஐந்து சிக்சர் அடித்த ரிங்கு சிங் வேறு. இருவரும் உத்தரப் பிரதேசம், இருவரும் இடக்கை என்பதால் சொல்லி வைக்கிறேன்.

முதலும் கடைசியும் மாறாது என்று நினைப்பவர்கள் ஹேங்க் ஆரோனைப் பார்க்கலாம். 1954-இலிருந்து மேஜர் லீக் அகரவரிசையில் முதல் பெயர் அவருடையது. 2004 ஏப்ரலில் டேவிட் ஆர்ட்ஸ்மா களமிறங்கினார். இருவருக்கும் ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்தும் ஒன்றே. நான்காவதில் ஆர்ட்ஸ்மாவுக்கு 'டி' (D), ஆரோனுக்கு 'ஓ'. அன்றோடு 755 ஹோம் ரன் அடித்தவர் இரண்டாமிடம். வால் பக்கத்தில் டச் ஸ்விலிங்கின் கடைசி இடத்தை 2015-இல் டோனி ஸிக் எடுத்துக்கொண்டார்.

யாராவது உங்களிடம் மேஜர் லீக் 'எக்ஸ்' பட்டியல் என்று நீட்டினால், ஸாண்டர் போகார்ட்ஸ், ஸேவியர் எட்வர்ட்ஸ், ஸேவியர் நேடி என்று இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் 'பி' (B), 'இ', 'என்'. 'எக்ஸ்' அவர்களுடைய முன்பெயரில் மட்டும்தான்.