ஸ்பைக்கிங் நியூரானுக்குக் கற்றுக்கொடுக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

தரமணியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் தம்பி ஒருவன் போன வாரம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். கையால் எழுதிய எண்களை அடையாளம் காணும் ப்ராஜெக்ட், மூளை போலச் சிறு துடிப்புகளால் (ஸ்பைக்) பேசும் நியூரான்களை வைத்துச் செய்தது. நூறு நியூரான்களுக்கு நூறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அந்த நியூரான் கற்றுக்கொண்ட உருவம். ஒரே ஒரு கட்டத்தில் பத்து எண்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த கறை, மற்ற 99-இலும் ஆரம்பத்தில் போட்ட ரேண்டம் புள்ளிகள் அப்படியே. நியூரான்களுக்கு இடையிலான இணைப்பை மாற்றும் எஸ்டிடிபி (STDP) என்ற கற்றல் சூத்திரத்தில் பிழையே இல்லை, நான் இரண்டு முறை பார்த்தேன்.

எஸ்டிடிபி சொல்வது இவ்வளவுதான்: நியூரான் தானே ஸ்பைக் விடுவதற்கு (சுடுவதற்கு) உள்ளே வரும் ஸ்பைக் முந்தினால் இணைப்பு வலுக்கும், பிந்தினால் தளரும். 1998-இல் பி, பூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலி நியூரான்களில் அளந்தபோது இந்தக் கணக்கு சுமார் 20 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிட்டது. ஆனால் வலுத்த இணைப்பு இன்னும் சீக்கிரம் சுட வைக்கும், சுடச் சுட இன்னும் வலுக்கும், அப்புறம் மற்ற நியூரான்களுக்கு வாய்ப்பே கிடைக்காது. மூளையில் இதற்குப் பிரேக் உண்டு. நாம் ஆக்சிலரேட்டரை மட்டும் காப்பி அடித்துவிடுகிறோம். டீல், குக் என்ற ஆய்வாளர்கள் 2015-இல் ஒவ்வொரு ஸ்பைக்குக்கும் அந்த நியூரானின் த்ரெஷோல்டை, அதாவது சுடுவதற்கு எட்ட வேண்டிய அளவை, கொஞ்சம் உயர்த்தி, மெதுவாக இறங்க விட்டார்கள், அதோடு ஒன்று சுட்டால் மற்றவற்றை அடக்கும் இணைப்பும் வைத்தார்கள். எது எந்த எண் என்ற லேபிள் காட்டாமலே பயிற்சி கொடுத்து, 6,400 நியூரான்களோடு கையெழுத்து எண்களில் 95% சரியாக வந்தது. தம்பியின் கோடில் அடக்கும் இணைப்பு இருந்தது, த்ரெஷோல்ட் ஏறவே இல்லை. அதைச் சேர்த்து ஓட்டியதும் பக்கத்துக் கட்டங்களில் 3 என்ற எண்ணின் வளைவு தெரிய ஆரம்பித்தது.

அடுத்தது டைம் ஸ்டெப், அதாவது சிமுலேஷன் ஒவ்வொரு முறையும் நகரும் நேர அளவு. வேகமாக ஓடட்டும் என்று அதை 10 மில்லிசெகண்டுக்கு ஏற்றாதீர்கள். வேளச்சேரி ரயிலுக்கு ஒரு நிமிஷம் முன்னால் போனவரும் ஒரு நிமிஷம் தாமதித்தவரும் மணி முள் மட்டும் உள்ள கடிகாரத்தில் ஒன்றுதான். முன் பின் தெரியாவிட்டால் எஸ்டிடிபிக்கு வேலையே இல்லை. 1 மில்லிசெகண்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

விளையாட்டு, ரோபோ மாதிரி வேலைகளுக்கு வெறும் எஸ்டிடிபியை நம்ப வேண்டாம், அதற்குச் சரி தவறு தெரியாது. பரிசு சில நொடி கழித்துத்தான் வரும், அதுவரை எந்த இணைப்பு காரணம் என்ற தடயத்தை வைத்திருக்க வேண்டும். மூளையில் பரிசைச் சொல்லும் ரசாயனமான டோபமினை வைத்து இஷிகேவிச் என்ற ஆய்வாளர் 2007-இல் காட்டியது இதைத்தான்.

மின்சாரம் மிச்சம் என்று ரிப்போர்ட்டில் எழுதுமுன் எதில் ஓட்டினீர்கள் என்று பாருங்கள். இன்டெலின் லோய்ஹி மாதிரி, ஸ்பைக் வந்தால் மட்டும் வேலை செய்யும் சிப்பில்தான் அந்தப் பேச்சு. சாதாரண ஜிபியூவில் சிமுலேட் செய்தால் நியூரான் சும்மா இருக்கும் ஸ்டெப்புக்கும் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.